சுறா பார்க்கப் போகலாமா? வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் மாலத்தீவில் திமிங்கலச் சுறாவோடு நீந்திவிட்டு வந்ததிலிருந்து ஆபீசிலும் தெருவிலும் சொந்தக்காரர் கல்யாணத்திலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் இருப்பது சத்துவாச்சாரியில். கடலைப் பார்க்கவே சென்னைக்கு பஸ் ஏற வேண்டிய ஊர்க்காரன் சுறாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறானே என்று சிலருக்கு ஆச்சரியம். போனது ஆசையில்தான். திரும்பி வந்து இதையெல்லாம் தேடித்தேடிப் படித்தது, அங்கே ஒரு சுறாவின் முதுகில் பார்த்த காயத்தால். அதைக் கீழே சொல்கிறேன்.

சுறா ஆளைக் கடிக்காதா?

திமிங்கலச் சுறா கடிக்காது. உலகத்திலேயே பெரிய மீன் அதுதான், 12 மீட்டருக்கு மேலும் வளரும், நம் டவுன் பஸ்ஸை விட நீளம். ஆனால் தின்பது மிதவை உயிரிகளும் குட்டி இறாலும் மீன் முட்டையும். வாயை அகலத் திறந்து தண்ணீரோடு இழுத்து, செவுளில் வடிகட்டி விழுங்கும்.

புலிச் சுறா, காளைச் சுறா, வெள்ளைச் சுறா இதெல்லாம் மனிதரைக் கடித்திருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் உலகம் முழுக்கச் சுறாவால் சாகிறவர்கள் வருடத்துக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. இந்தியாவில் மட்டும் பாம்புக் கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-ல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ராத்திரி டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்கிறவரைப் பற்றித்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கணக்கை மறுபக்கமும் பார்க்க வேண்டும். நாம் வருடத்துக்குக் கொல்லும் சுறாக்கள் சுமார் 10 கோடி என்பது 2013-ல் வந்த மதிப்பீடு. திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-க்குப் பிறகு 71 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2021-ல் வந்த ஆய்வு சொல்கிறது. மத்தி, நெத்திலி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டை போட்டு ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி நிரம்புகிற இனம் இல்லை இது. பல சுறாக்களுக்குக் குட்டி போடும் பருவம் வரவே பத்து வருடம், அதற்கு மேலும் ஆகும்.

சரி, சுற்றுலாவால் சுறாவுக்கு நல்லதா கெட்டதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

தீனி போடாமல், தொடாமல், தள்ளி இருந்து பார்த்து, அதில் வரும் பணம் அந்தக் கடற்கரை ஜனங்களின் கைக்குப் போனால் நல்லது. இதில் ஒன்று குறைந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

உயிரோடு இருக்கும் சுறாவுக்கு அப்படி என்ன விலை?

பசிபிக் கடலில் பலாவ் என்று ஒரு சின்னத் தீவு நாடு இருக்கிறது. 2009-ல் தன் கடல் முழுவதையும் சுறாக்களுக்கான சரணாலயமாக உலகத்திலேயே முதலில் அறிவித்த நாடு அது. அங்கே 2011-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். பவளப் பாறையில் சுற்றும் ஒரு சுறா அதன் வாழ்நாள் முழுக்கச் சுற்றுலா வழியாகக் கொண்டுவரும் வருமானம் ஏறக்குறைய 19 லட்சம் டாலர். அதையே பிடித்து விற்றால் கிடைப்பது 108 டாலர். மாலத்தீவில் இதே மாதிரிக் கணக்கை 1993-லேயே போட்டுவிட்டார்கள்: நன்றாக ஓடும் ஒரு முக்குளிப்பு இடத்தில் ஒரு சாம்பல் பாறைச் சுறாவால் வருடத்துக்கு 33,500 டாலர் வருமானம், வலையில் போனால் மீனவருக்கு 32 டாலர். 2010-ல் மாலத்தீவு நாடு முழுக்கச் சுறா பிடிப்பதற்குத் தடை போட்டது, அதற்கு இந்த மாதிரிக் கணக்குகளும் கைகொடுத்தன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தக் கணக்கில் ஒரு உறுத்தல் உண்டு. 32 டாலர் போவது மீனவர் வீட்டு அடுப்புக்கு. 33,500 டாலர் போவது ஓட்டலுக்கும் விமானத்துக்கும் படகுக் கம்பெனிக்கும். சுறாவை விட்டுக்கொடுத்தவர் ஒருத்தர், சம்பாதிப்பவர் வேறொருத்தர் என்று ஆனால் எத்தனை நாளைக்கு அந்த மீனவர் சும்மா இருப்பார்? பிஜியில் பெகா தீவுப் பக்கம் இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். அங்கே ஒரு பாறைத்திட்டில் மீன் பிடிக்கும் பாரம்பரிய உரிமையை விட்டுக்கொடுத்த கிராமங்களுக்கு, முக்குளிக்க வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு தொகை வாங்கி நேரடியாகக் கொடுக்கிறார்கள். 2004-ல் இருந்து அந்தப் பாறைத்திட்டு காப்பகமாக இருக்கிறது. காளைச் சுறாக்களை அங்கே தீனி போட்டுத்தான் வரவழைக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பணம் போகும் வழி சரி.

தீனி போட்டால் என்ன தப்பு? பசித்த ஜீவனுக்குப் போடுவது புண்ணியம்தானே?

இதைக் கேட்டது என் பெரியம்மா. அவரை ஏலகிரிக்குக் கூட்டிப் போய்த்தான் பதில் சொன்னேன்.

ஏலகிரி மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு குரங்குகள் உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். கார் வேகம் குறைந்தாலே எழுந்து வரும். அவற்றுக்குக் காட்டில் பழமும் இலையும் பூச்சியும் இருக்கிறது, ஆனால் சிப்ஸ் பாக்கெட் சத்தம் அதைவிடச் சுலபம். அன்றைக்கு ஒரு தாய்க் குரங்கு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு பஸ் சக்கரத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் உட்கார்ந்து கிரீம் பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. பஸ் ஹாரன் அடித்தது, அது நகரவே இல்லை. பெரியம்மா பையில் இருந்த வாழைப்பழத்தை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தார்.

கடலிலும் இதேதான் நடக்கிறது. பிலிப்பைன்சில் ஒஸ்லோப் என்ற ஊரில் 2011-ல் இருந்து திமிங்கலச் சுறாக்களுக்குக் கையால் இறால் கூனி போட்டு வருகிறார்கள். விடிந்ததும் சுறாக்கள் கரைக்குப் பக்கத்தில் வந்து, படகோடு படகாக நின்று, வாயை மேலே தூக்கிக் காட்டுகின்றன. வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். ஊருக்கு வருமானம் வந்தது உண்மை, அங்கே மீன் பிடித்துக் கஷ்டப்பட்ட குடும்பங்கள் நிமிர்ந்ததும் உண்மை. ஆனால் இயற்கையில் ஓர் இடத்தில் சில நாள் தங்கி அடுத்த கடலுக்குப் போய்விடும் மீன், அங்கே சில சுறாக்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கின்றன. உடம்பில் படகு உரசிய தழும்புகள் அதிகம். 1,900 மீட்டருக்கும் கீழே முக்குளித்துப் போகிற மீன் அது, இங்கே காலை முழுக்க மேல்தண்ணீரில் கைநீட்டும் ஆளுக்குக் காத்திருக்கிறது. படகைப் பார்த்தால் சாப்பாடு என்று பழகிய சுறா, நாளைக்கு வேறொரு நாட்டுக் கடலில் வேட்டைக்காரர் படகுக்கும் அதே மாதிரி பக்கத்தில் போகும். இதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதே பிலிப்பைன்சில் டொன்சோல் என்ற ஊரில் 1998-ல் இருந்து தீனியே போடாமல் சுறா காட்டுகிறார்கள். சில நாள் ஒன்றும் தென்படாது, பயணி ஏமாந்து திரும்புவார். அப்படித் திரும்புகிற வாய்ப்பு இருக்கும் இடத்துக்குத்தான் நான் பணம் கொடுப்பேன்.

நீங்கள் பார்த்த அந்தக் காயம் என்ன?

மாலத்தீவில் தெற்கு ஆரி என்ற தீவுக்கூட்டத்தின் ஓரத்தில் வருடம் முழுக்கத் திமிங்கலச் சுறாக்கள் வரும், பெரும்பாலும் இன்னும் பருவம் அடையாத ஆண் சுறாக்கள். அங்கே படகைத் தோனி என்கிறார்கள், நம் தோணிதான். கூட வந்த வழிகாட்டி தூத்துக்குடிப் பையன், தமிழில் பேசியதில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. "அண்ணே, ரெடியா இருங்க, மத்த படகு வர்றதுக்குள்ள குதிச்சிரணும்" என்றான். அந்த வார்த்தையிலேயே எனக்கு உஷார் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

குதித்ததும் முதல் சில நொடிகள் நீல வெளிச்சம் மட்டும். அப்புறம் கீழே இருந்து வெள்ளைப் புள்ளிகள் மேலே வந்தன, ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு, வரிசைக்கு நடுவே கோடு போட்டு, இழைக் கோலம் போட்ட வாசல் ஒன்று மெதுவாக நகர்ந்து வருகிற மாதிரி. கண் என் கட்டை விரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது, அது என்னைப் பார்த்தது. அழுதேன், முகமூடிக்குள் கண்ணீர் தேங்கியது.

அது என்னைக் கடக்கும்போது முதுகைப் பார்த்தேன். அருவாமனையில் சீவினது போலச் சம இடைவெளியில் ஐந்து வெட்டுகள், ஆறி வெளுத்துப் போய். முதுகுத் துடுப்பின் நுனி இல்லை. அதற்குள் மற்ற படகுகள் வந்துவிட்டன, ஏழு வரை எண்ணினேன், எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் குதித்தார்கள், தண்ணீர் முழுக்க நுரையும் ரப்பர் துடுப்புகளுமாக ஆனது, யாரோ ஒருவர் கையை நீட்டி வாலைத் தொட்டார். சுறா ஒரு அவசரமும் காட்டாமல் தலையைக் கீழே சாய்த்து இறங்கிப் போய்விட்டது. மொத்தமே நான்கு நிமிடம் இருக்காது.

படகில் ஏறியதும் கேட்டேன். "படகு ப்ரொப்பல்லர் வெட்டுனதுண்ணே, இங்க நிறையச் சுறாவுக்கு இருக்கு" என்றான் அந்தப் பையன். திரும்பும்போது எங்கள் படகும் அந்த ஓரத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. இன்றைக்குப் போனால் கேட்பேன்.

ஒழுங்காக நடத்துகிற இடம் எங்கேயாவது இருக்கிறதா?

மேற்கு ஆஸ்திரேலியாவில் நிங்கலூ. உரிமம் வாங்கிய படகுகள் கொஞ்சம்தான், இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. ஒரு சுறாவைச் சுற்றி 250 மீட்டருக்குள் ஒரு நேரத்தில் ஒரே படகுதான் இருக்கலாம். தண்ணீரில் ஒரே சமயம் பத்துப் பேருக்கு மேல் இறங்கக் கூடாது. சுறாவிடமிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், தொடக் கூடாது, ப்ளாஷ் அடிக்கக் கூடாது. தேடுவதற்குச் சின்ன விமானம் மேலே பறக்கும், அதனால் படகுகள் கண்டபடி ஓட வேண்டியதில்லை. விலை அதிகம்தான். ஏழு படகு ஒரு சுறாவைச் சூழ்ந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் அந்த விலை எனக்கு நியாயமாகப் படுகிறது.

கூண்டுக்குள் நின்று வெள்ளைச் சுறா பார்ப்பது?

அதில் ஆள்தான் பத்திரம். மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் இரை கட்டிச் சுறாவைக் கூண்டுப் பக்கம் இழுப்பார்கள், இரையைத் துரத்தி வரும் சுறா கம்பிக்குள் தலையை விட்டுச் சிக்கிக் காயப்பட்ட சம்பவங்கள் நடந்தன. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு அங்கே அந்தத் தொழிலையே நிறுத்திவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் கதை வேறு. உலகமே வெள்ளைச் சுறா பார்க்கப் போன ஊர் அது. 2017-ல் இருந்து ஓர்க்கா திமிங்கலங்கள் வந்து சுறாக்களைக் கொன்று ஈரலை மட்டும் தின்ன ஆரம்பித்தன, மிச்சச் சுறாக்கள் இடத்தைக் காலி செய்தன, ஊரின் பிழைப்பு ஆட்டம் கண்டது. ஒரே மீனை நம்பி ஒரு ஊரே நின்றால் இந்த மாதிரி நேரத்தில் யார் கைகொடுப்பார்கள் என்பதையும் முன்னாலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

நாம் எடுக்கும் போட்டோவால் சுறாவுக்கு என்ன லாபம்?

இது நிஜமாகவே லாபம், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும் கூட. நம் கைரேகை மாதிரி ஒவ்வொரு திமிங்கலச் சுறாவுக்கும் புள்ளி அமைப்பு வேறு. செவுளுக்குப் பின்னால் இருக்கும் பக்கவாட்டுப் பகுதியைத் தெளிவாக எடுத்தால் அது எந்தச் சுறா என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்கான கணக்கு முறை வானியலில் இருந்து வந்தது. இரண்டு வானப் படங்களில் உள்ள நட்சத்திரங்கள் ஒன்றுதானா என்று முக்கோணம் முக்கோணமாக ஒப்பிட 1986-ல் எழுதிய முறையை, 2005-ல் சுறாப் புள்ளிகளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப் போவோமே, அங்கே வானத்தைப் பார்க்கிறவர்களின் கலைதான் கடலுக்குள் ஒரு மீனை அடையாளம் காட்டுகிறது. பயணிகள் அனுப்பும் படங்களால் ஒரு சுறா எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனது, காயம் எத்தனை மாதத்தில் ஆறியது என்பதெல்லாம் தெரிய வந்திருக்கிறது. நான் எடுத்ததில் பாதி நுரை, மீதியில் ஒன்று தேறியது, அனுப்பி வைத்தேன்.

சுற்றுலாவே இல்லாமல் சுறாவைக் காப்பாற்ற முடியாதா?

முடியும், இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. குஜராத்தில் வேராவல் கடற்கரையில் 2001 வரை திமிங்கலச் சுறாவைக் கொக்கியில் மாட்டி, அது மூழ்காமல் இருக்கப் பீப்பாய்களைக் கட்டி இழுத்து வந்து கொன்றார்கள். அதனால் அதற்கு அங்கே பேரே "பேரல்". அந்த வருடம் மே மாதம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தார்கள், அந்தப் பாதுகாப்புப் பெற்ற முதல் மீன் அது. கொன்றால் 3 முதல் 7 வருடம் வரை ஜெயில்.

சட்டம் மட்டும் போதவில்லை. 2004-ல் மொராரி பாபு என்ற ராமாயணக் கதாகாலட்சேபம் செய்யும் ஆன்மிகப் பேச்சாளர் மீனவர்களிடம் பேசினார்: இந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு தேடி வரும் மகள் மாதிரி, வீட்டுக்கு வந்த பெண்ணைக் கொல்வீர்களா என்று. அதற்கு "வஹாலி" என்று பேர் வைத்தார்கள், செல்லமானவள் என்று அர்த்தம். அதன் பிறகு வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்தார்கள், வலைக்கு அரசு ஈடு கொடுத்தது. இதுவரை நூற்றுக்கணக்கான சுறாக்களை விட்டிருக்கிறார்கள். ஒரு பயணி கூட டிக்கெட் வாங்கவில்லை. மாலத்தீவில் பார்த்ததை விட இதைப் படித்தபோதுதான் எனக்கு நம்பிக்கை அதிகம் வந்தது.

அப்போ சுறாப்புட்டு சாப்பிடக் கூடாதா?

சட்டப்படி எல்லாச் சுறாவுக்கும் தடை இல்லை, அட்டவணையில் உள்ள இனங்களைத்தான் பிடிக்கக் கூடாது. சுறாப் பீலி, அதாவது சுறாவின் துடுப்பு, ஏற்றுமதிக்கு 2015-ல் இருந்து தடை. மற்றதெல்லாம் வேலூர் மார்க்கெட்டுக்கு வருகிறது, வரத்தான் செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வாங்கும் அக்கா கடையில் நின்றேன். "இன்னா தம்பி, பால் சுறா எடுத்துக்கோ, வீட்ல புள்ள பெத்தவங்க இருந்தா ரொம்ப நல்லது" என்றார். ஐஸ் மேல் முழங்கை நீளத்தில் ஒரு குவியல். ஒன்றை எடுத்துத் தடவினேன். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்குகிறது, திருப்பித் தடவினால் உப்புத்தாள் போலப் பிடிக்கிறது. மல்லாத்திப் பார்த்தால் நெஞ்சுப் பக்கம் இரண்டு துடுப்புகளுக்கு நடுவே சின்னக் கீறல், இன்னும் மூடவில்லை. அது தொப்புள். சில சுறாக்கள் தாய் வயிற்றில் தொப்புள்கொடியோடு வளர்ந்து குட்டியாகப் பிறப்பவை. அந்தத் தழும்பு ஆறுவதற்குள்ளேயே ஐஸுக்கு வந்துவிட்டது.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, வந்ததைத்தான் அவர் விற்கிறார். நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று அவர் அம்மா காலத்திலிருந்து செய்வது. அவரிடம் நான் சொன்னது வேறு காரணம். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், அதனால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது வேலை செய்தது. இப்போது எங்கள் வீட்டில் புட்டு வேறு மீனில்.

கடலே இல்லாத வேலூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பாலாறு கடைசியில் வங்காள விரிகுடாவில்தான் சேர்கிறது. 2021 நவம்பரில் இரு கரை தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று பார்த்தோமே, தெர்மாகோலும் கேரி பேக்கும் ரப்பர் செருப்பும் போனதே, அதெல்லாம் போன இடம் கடல்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாவட்டத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சேதம் வரும் என்று தோன்றினால் முழு அறிவியல் நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்காமல் முன்னாலேயே தடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது அந்தத் தீர்ப்பால்தான். நம் ஊர்ப் பெயரில் இருக்கும் வழக்கு. சுறாச் சுற்றுலாவைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.

தமிழ்நாட்டில் சுறாச் சுற்றுலா வரலாமா?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா வந்தது. பாக் விரிகுடாவில் 2022-ல் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் வந்தது. பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடல் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள், சுறா எந்த மாதம் எந்த நீரோட்டத்தில் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வந்தால் அவர்களை வழிகாட்டியாக வைத்து, படகு எண்ணிக்கையை முதல் நாளே எழுதி வைத்து, தீனிக்குத் தடை போட்டுத்தான் வர வேண்டும். கூட்டம் வந்த பிறகு விதி எழுதினால் என்ன ஆகும் என்று ஏலகிரி வளைவுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் மாலத்தீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். என்ன செய்ய வேண்டும்?

பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டுக் கேளுங்கள்: தீனி போடுவீர்களா, ஒரு சுறாவிடம் எத்தனை படகு போவீர்கள், சுறா தென்படாவிட்டால் என்ன செய்வீர்கள். "கட்டாயம் காட்டுவோம், கேரண்டி" என்று சொன்னால் எப்படிக் காட்டுகிறார்கள் என்று இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

தண்ணீரில் இறங்கும் அன்றைக்கு வெயில் கிரீம் பூசாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சில கிரீம்களில் உள்ள ரசாயனம் பவளப் பாறைக்கு ஆகாது, பலாவில் அவற்றை 2020-ல் இருந்து தடை செய்திருக்கிறார்கள். சுறா வந்தால் துரத்தாதீர்கள், பக்கவாட்டில் தள்ளி மிதந்தால் போதும், பல நேரம் அதுவே நம் பக்கம் வரும். எட்டு வயதுப் பையனையும் கூட்டிப் போகிறேன் என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாக. அதற்கு முன் ஸ்நார்க்கல் குழாயில் மூச்சுவிட நீச்சல் குளத்தில் பத்து நாளாவது பழக்குங்கள், அங்கே பதறிக் கைகாலை உதைத்தால் அவனுக்கும் பயம், சுறாவும் கீழே போய்விடும்.